மண்ணின் ஈரமும் பயிரின் தாகமும்

தறியில் அமர்வோரும் ஏர் பிடிப்போரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் சங்கங்களில் பேச்சு எங்குத் தொடங்கினும் ஈரத்தில் வந்து முடிவதுண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் காற்று உலர்ந்தால் பாவு நூல் முறுகி அறுகிறது என்பார் நெசவாளர். அதே காற்றில் கடலைச் செடி உச்சிப் பொழுதில் தலை சாய்கிறது என்பார் விவசாயி. ஒருவர் நூலைத் தடவிப் பார்க்கிறார். மற்றவர் மண்ணைக் கையிலெடுத்துப் பிடித்துப் பார்க்கிறார். இருவரும் கேட்பது ஒரே கேள்வியே: “ஈரம் எவ்வளவு இருக்கிறது?”

இக்கேள்வி தவறன்று, ஆயினும் இதனுடன் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். “இருக்கிற ஈரம் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது?” என்பதே அது. பெட்டியில் பணம் இருந்தும் சாவி கையில் இல்லையாயின் அப்பணத்தால் அன்றையச் செலவுக்குப் பயனில்லை. மண்ணிலுள்ள நீரும் அத்தகையதே. அதனை வேர் பிரித்தெடுக்க முடியுமா, முடியுமாயின் எவ்வளவு பாடுபட்டு என்பதே பயிரின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. இதனை அளக்கும் முறையையும், அந்த அளவைக்கொண்டு நம் கோட்டையூர்ப் பகுதியில் நாம் செய்யக்கூடியதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஒரே முறை, இரண்டு வயல்

செட்டிநாட்டு நிலம் எங்கும் ஒரே தன்மையுடையதன்று. மேட்டில் சரளையும் மணலும் கலந்த செம்மண். கண்மாயை ஒட்டிய பள்ளத்தில் வண்டல் படிந்த களிமண். இரண்டுக்கும் இடைப்பட்டவையும் உண்டு. ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் கணிசமான பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் கண்மாயில் தேங்கியதையும் கிணற்றில் ஊறியதையும் கொண்டே காலந்தள்ள வேண்டும்.

ஒரே கிணற்றை நம்பியிருக்கும் இரு பங்காளிகளை எண்ணிக்கொள்வோம். ஒருவருக்கு மேட்டுச் செம்மண்ணில் ஓர் ஏக்கர். மற்றவருக்குப் பள்ளத்துக் களிமண்ணில் ஓர் ஏக்கர். இருவரும் கடலை பயிரிட்டிருக்கின்றனர். எட்டு நாளைக்கு ஒரு முறை ஆளுக்குச் சரிசமமாக நீர் பாய்ச்சுவது என்று பெரியவர்கள் வைத்து முடித்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் ஐந்தாம் நாளிலேயே மேட்டுக் கடலை வாடுகிறது. “என் முறையில் நீரைக் குறைத்துவிட்டான்” என்று ஒருவர் குறைப்படுகிறார். “வாங்கிய நீரைக் காக்கத் தெரியாதவர்” என்று மற்றவர் விடை கூறுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. பங்கீடு சமம், மண்தான் சமமில்லை.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணல் கலந்த செம்மண் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குப் பயன்படத்தக்க நீராக ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தேக்கிவைக்கும். களிமண் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் தேக்கிவைக்கும். கடலையின் வேர் நன்கு உறிஞ்சும் ஆழம் 45 சென்டிமீட்டர் எனக் கொண்டால், செம்மண்ணில் 45 மில்லிமீட்டர் நீரும் களிமண்ணில் 81 மில்லிமீட்டர் நீரும் கைவசம் இருக்கும். இதில் பாதி செலவானதும் மறுநீர் விடுவது நல்ல வழக்கம். வளர்ந்த பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீரைச் செலவிடுமாயின், செம்மண்ணுக்கு நான்கு நாளிலும் களிமண்ணுக்கு எட்டு நாளிலும் நீர் வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் காண்க. வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சும்போது ஒரு தடவைக்கு 50 மில்லிமீட்டர் அளவு நீர் எளிதில் சென்றுவிடும். செம்மண்ணில் 22 மில்லிமீட்டருக்கே இடம் இருந்தது. எஞ்சிய 28 மில்லிமீட்டர் வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஓர் ஏக்கருக்கு இது ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் லிட்டர் ஆகும். அந்நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தடிக்குச் சேரலாம். எனினும் மோட்டார் ஓடிய நேரமும், நீரோடு கரைந்து சென்ற உரமும் திரும்ப வாரா.

மண் நீரைப் பிடிக்கும் வகை

மண் துகள்களுக்கு இடையே சிறிதும் பெரிதுமாகத் துளைகள் உள்ளன. மழையோ பாசனமோ முடிந்ததும் பெரிய துளைகளிலுள்ள நீர் தன் எடையினாலேயே கீழிறங்கிவிடும். சிறிய துளைகளில் உள்ளது இறங்காது. விளக்குத் திரியில் எண்ணெய் நிற்பதுபோல் அது பிடிபட்டு நிற்கும். துளை குறுகக் குறுகப் பிடி இறுகும். 0.03 மில்லிமீட்டர் அகலமுள்ள துளையிலுள்ள நீரை வெளியேற்ற ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் இழுப்பு வேண்டும். 0.003 மில்லிமீட்டர் துளையாயின் பத்து மீட்டர் உயரத்தின் இழுப்பு வேண்டும்.

இந்த இழுப்பையே ஈர இழுவிசை என்கிறோம். அதனைப் ‘பார்’ என்னும் அலகால் அளப்பர். ஒரு பார் என்பது ஏறத்தாழப் பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். அதனை நூறாகப் பகுத்தால் ஒரு சென்டிபார்.

பாசனம் முடிந்து வடியவேண்டியது வடிந்தபின் மணற்பாங்கான மண்ணில் இழுவிசை ஏறத்தாழ 10 சென்டிபாராகவும், களிமண்ணில் 30 சென்டிபார் அளவிலும் நிற்கும். வேர் நீரை உறிஞ்ச உறிஞ்சப் பெரிய துளைகள் முதலில் வெறுமையாகின்றன. எஞ்சிய நீர் மேலும் மேலும் குறுகிய துளைகளில் ஒதுங்குகிறது. இழுவிசை 15 பாரை எட்டும்போது பெரும்பாலான பயிர்கள் தோற்றுவிடுகின்றன. அதன்பின் இரவு முழுவதும் குளிர்ந்த காற்றில் வைத்தாலும் வாடிய இலை நிமிர்வதில்லை. இதற்கு நிரந்தர வாடல் நிலை என்று பெயர்.

இந்நிலையில் களிமண்ணைச் சூளையில் உலர்த்தி எடை பார்த்தால், அதில் நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு வரை நீர் இருக்கக் காணலாம். மணல் கலந்த செம்மண்ணிலோ ஏறத்தாழ 6 பங்கே இருக்கும். ஆகவே, “என் வயலில் நூற்றுக்குப் 12 பங்கு ஈரம் உள்ளது” என்று ஒருவர் சொன்னால் அதிலிருந்து நாம் எதையும் முடிவு செய்ய இயலாது. செம்மண்ணாயின் பயிர் செழித்து நிற்கும். களிமண்ணாயின் அது மாண்டிருக்கும். ஈரத்தின் அளவு மண்ணுக்கு மண் வேறுபடுகிறது. இழுவிசையோ எல்லா மண்ணிலும் ஒரே பொருளைத் தருகிறது. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து.

அளக்க முனைந்தவர்கள்

மண் நீரை இழுக்கும் வலிமையை ஓர் அளவாகக் கருதவேண்டும் என்ற கருத்தை 1907-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எட்கர் பக்கிங்காம் வெளியிட்டார். 1912-இல் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்னும் இருவர் பலவகைச் செடிகளைப் பலவகை மண்ணில் வாடவிட்டு, வாடும் தறுவாயில் மண்ணில் எஞ்சும் ஈரத்தை ஆராய்ந்தனர். ஈர இழுவிசையை வயலிலேயே காட்டும் கருவியைச் செப்பஞ்செய்ததில் லொரென்சோ ரிச்சர்ட்ஸ் என்பாருக்குப் பெரும் பங்குண்டு. 1940-இல் பூயூக்கோஸ், மிக் என்போர் ஜிப்சக் கட்டியினுள் இரு கம்பிகளைப் பதித்து, அக்கட்டி ஈரமாகும்போதும் உலரும்போதும் மின்தடை மாறுவதைக்கொண்டு அளக்கும் எளிய முறையைக் கண்டனர்.

இழுவிசைமானி

டென்சியோமீட்டர் எனப்படும் இழுவிசைமானியின் அமைப்பு மிக எளியது. ஒரு குழாய், அதன் அடியில் நுண்துளைகளுள்ள சுட்ட களிமண் குப்பி, மேலே காற்றுப் புகாத மூடியும் ஒரு முள் காட்டியும். குழாய் முழுவதும் நீர் நிரப்பி மண்ணில் பதிப்பார்கள். மண் உலரும்போது குப்பியின் வழியே நீரை வெளியே இழுக்கும். மூடிய குழாயாதலின் உள்ளே வெற்றிடம் பிறந்து முள் ஏறும். நீர் பாய்ச்சினால் மண் தன் பிடியைத் தளர்த்த, முள் இறங்கும். வேர் எந்த எதிர்ப்பைச் சமாளிக்கிறதோ அதனையே இக்கருவியும் சமாளித்துச் சொல்கிறது.

பதிக்கும்போது கவனிக்கவேண்டியவை சில உள. குப்பியை முதல் நாளே நீரில் ஊறவைக்க வேண்டும். குழாயின் பருமனுக்குச் சரியாகவே துளை போடவேண்டும். துளையினுள் அதே வயல் மண்ணைச் சேறாகக் கரைத்து ஊற்றிக் குப்பி மண்ணோடு நன்கு ஒட்டும்படி செய்ய வேண்டும். இடையே காற்று நின்றால் கருவி பொய் சொல்லும். கடலைக்கு 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்றும் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்றும் வைப்பது நலம். மேற்கருவி எப்போது நீர் விடுவது என்பதைக் கூறும். கீழ்க்கருவி எவ்வளவு விடுவது என்பதைக் கூறும். பாய்ச்சிய பின்னும் கீழ்க்கருவியின் முள் அசையவில்லையாயின் நீர் போதவில்லை. அது பூச்சியத்தை ஒட்டிப் பல நாள் கிடக்குமாயின் நீர் மிகுதி. நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவருதல் வேண்டும்.

மணற்பாங்கான மண்ணில் முள் 20 முதல் 40 சென்டிபார் காட்டும்போதும், களிமண்ணில் 50 முதல் 70 சென்டிபார் காட்டும்போதும் நீர் விடலாம் என்பது பொதுவான வழிகாட்டல். பூக்கும் பருவம், விழுது இறங்கும் பருவம், காய் பிடிக்கும் பருவம் ஆகிய மூன்றிலும் கடலை தாகம் பொறுக்காது. அப்போது கீழ் எல்லையையே கொள்ளவேண்டும். விழுது இறங்கும் நாளில் செம்மண் உலர்ந்து இறுகிவிட்டால் விழுது மண்ணுள் புக மாட்டாது. பின்னர் எவ்வளவு நீர் விட்டாலும் இழந்த காய் திரும்பாது.

பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தார் எண் படிக்கத் தேவையில்லாதபடி இக்கருவியை மாற்றியமைத்தனர். குழாயில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள் உள்ளன. நீர்மட்டம் பச்சையில் இருக்கும்வரை நெல்லுக்கு நீர் வேண்டியதில்லை, மஞ்சளைத் தொட்டதும் பாய்ச்சலாம், சிவப்புக்குச் செல்லவிடலாகாது. நம் மாநிலத்தில் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் மண்ணில் குத்திப் பார்க்கும் கையடக்கமான ஈரங்காட்டி ஒன்றை உருவாக்கியுள்ளனர். நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என நான்கு விளக்குகளால் அது விடை சொல்கிறது. நீலமாயின் ஈரம் மிகுதி. சிவப்பாயின் உடனே நீர் வேண்டும். இது இழுவிசையை நேரே அளப்பதன்று. எனினும் தன் மண்ணின் இயல்பை அறிந்தவருக்கு நல்ல துணையே.

கருவியின் எல்லை

எந்தக் கருவியையும் அதன் எல்லையறிந்து பயன்படுத்த வேண்டும். கிணற்று மேட்டில் வைத்த பம்பு ஏறத்தாழ 25 அடிக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சத் திணறுவதை நாம் அறிவோம். இழுவிசைமானிக்கும் அதே கதிதான். 80 சென்டிபாரைத் தாண்டினால் குழாயினுள் காற்று சேர்ந்து இழுப்பு முறிந்துவிடும். பயிர் வாடுவதோ 15 பாரில். அவ்வாறாயின் இக்கருவியால் பயன் என்ன என்று கேட்கலாம். மணற்பாங்கான மண்ணில் பயன்படத்தக்க நீரின் பெரும் பகுதி ஒரு பாருக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. ஆகவே மேட்டுச் செம்மண்ணுக்கு இக்கருவி மிகப் பொருத்தம். களிமண்ணில் 80 சென்டிபாருக்கு மேலும் கணிசமான நீர் உண்டு. அங்கு ஜிப்சக் கட்டியே தொலைவு செல்லும்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. உப்பு கரைந்த நீரை உப்பே பிடித்துவைத்துக்கொள்கிறது. குப்பியின் துளைகள் உப்பைத் தடுப்பதில்லை. ஆதலின் இழுவிசைமானி அப்பிடியை உணராது. வேரோ அதனை உணரும். உவர்நீர்க் கிணற்றால் பாசனம் செய்யும் வயலில் முள் பச்சைப் பகுதியில் நிற்கப் பயிர் மட்டும் வாடுமாயின், கருவியைக் குறை கூறாது கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பவேண்டும்.

பயிரிடமே கேட்பது

மண்ணை விட்டுப் பயிரையே நேரில் கேட்கும் முறையும் உண்டு. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது தண்டிலுள்ள நீர்த்தம்பம் கயிறுபோல் மேலே இழுபடுகிறது. இலையைக் காம்போடு அறுத்தால் அந்தக் கயிறு அறுந்து நீர் உள்ளே சுருங்கிவிடும். அவ்விலையை உறுதியான இரும்புப் பேழையினுள் வைத்துக் காம்பின் அறுபட்ட நுனி மட்டும் வெளியே தெரியும்படி அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தை மெல்ல ஏற்றுவர். நுனியில் நீர் துளிர்க்கும்போது காட்டும் அழுத்தமே அவ்விலை அனுபவித்த இழுவிசை. 1965-இல் ஷோலாண்டரும் அவருடைய கூட்டாளிகளும் இம்முறையால் பல தாவரங்களை அளந்து வெளியிட்டனர். கலிபோர்னியாவில் பருத்தி, வாதுமை பயிரிடுவோர் இதனைக்கொண்டே பாசன நாளைக் குறிப்பதுண்டு.

விடியுமுன் அளந்தால் இலையின் இழுவிசை வேர் மண்டலத்தின் இழுவிசையை ஒட்டியே இருக்கும். இரவில் பயிர் இளைப்பாறிச் சமநிலைக்கு வந்துவிடுகிறது. நண்பகலில் நன்கு நீர் பாய்ந்த பயிரிலும் அது பத்துப் பாரை எட்டலாம். ஆகவே உச்சி வெயிலில் இலை சாய்வதைக் கண்டு உடனே மோட்டாரைப் போடுவது அவசரம். விடியற்காலையிலும் இலை நிமிராதிருந்தால் தாமதம் ஆபத்து. பேழை இல்லாதவருக்கும் இப்பாடம் பயன்படும்: பயிரின் தாகத்தைக் காலையில் பாருங்கள்.

நூலுக்கும் அதே விதி

இவ்வளவும் விவசாயிக்கே என்று நெசவாள அங்கத்தினர்கள் எண்ணவேண்டாம். பருத்தி நூலும் நீரைப் பிடிக்கிறது. மண்ணைவிட மிக வலிமையாகப் பிடிக்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 ஆக இருக்கும்போது அதோடு சமநிலையிலுள்ள நூலின் இழுவிசை 550 பாருக்கும் மேற்பட்டது. பயிர் வாடி மடியும் 15 பார் மண்ணில்கூடத் துளைகளிலுள்ள காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 99-ஐ ஒட்டியே இருக்கும். அதாவது பயிருக்கு ஒரு துளியும் தராத மண், நூலுக்கு வாரி வழங்கும். பார்வைக்கு உலர்ந்த மண்தரையில் நூற்சிப்பங்களை அடுக்கினால் அவை ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிப்பதற்குக் காரணம் இதுவே. சிப்பத்துக்கும் தரைக்கும் இடையே பலகை இடுவது வீண் செலவன்று.

நூல் எடைக்கு விற்கப்படுவதையும் எண்ணுக. முற்றும் உலர்ந்த 100 கிலோ பருத்தி நூலுக்கு எட்டரைக் கிலோ ஈரம் என்பது வணிகத்தில் ஏற்கப்பட்ட அளவு. அது 12 கிலோவாக ஏறியிருக்கும் சிப்பத்தை வாங்கினால், 100 கிலோவுக்கு ஏறத்தாழ 2 கிலோ 900 கிராம் பஞ்சைக் குறைவாகப் பெற்று, அதற்கு நீரை விலைக்கு வாங்கியவராவோம். கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ள இந்நாளில் நூலின் தரத்திலும் எடையிலும் நாம் கண்ணாயிருத்தல் முறை.

நூலும் மண்ணும் சந்திக்கும் இடமும் ஒன்றுண்டு. 1937-இல் கார்டனர் என்னும் அறிஞர் வடிதாளை ஈரமண்ணோடு மூடிய கலத்தில் வைத்து, இரண்டும் சமநிலைக்கு வந்தபின் தாளை நிறுத்து, அது குடித்த நீரிலிருந்து மண்ணின் இழுவிசையைக் கணக்கிட்டார். வடிதாளும் பருத்தி நூலும் ஒரே நார்ப்பொருளால் ஆனவை. நெசவாளர் நூலைத் தடவி அறிவதைத்தான் விஞ்ஞானி தராசில் வைத்து அறிந்தார்.

நாம் செய்யத்தக்கது

தனி ஒருவருக்குச் சுமையாகும் கருவி சங்கத்துக்குச் சுமையன்று. மேட்டுச் செம்மண்ணில் ஓர் இணையும் பள்ளத்துக் களிமண்ணில் ஓர் இணையுமாக இழுவிசைமானிகளை ஒரு கடலைப் பருவத்துக்கு வைத்துப் பார்க்கலாம். தினமும் காலையில் பார்த்துக் குறிக்க எழுத்தறிந்த ஒருவரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். எந்த ஆழத்தில் வைப்பது, எந்த எண்ணில் நீர் விடுவது என்பவற்றைச் செட்டிநாட்டிலுள்ள மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரையும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தாரையும் கேட்டுத் தெளியலாம்.

கருவி வரும்வரையிலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இரு தகர டப்பாக்களில் இருவகை மண்ணை நிரப்பிச் சூரியகாந்தி விதையை முளைக்கவிட்டு, சில இலைகள் விட்டதும் நீரை நிறுத்துங்கள். மாலையில் வாடியது காலையில் நிமிராத நாளில் மண்ணை நிறுத்து, நன்கு உலர்த்தி மீண்டும் நிறுத்துப் பாருங்கள். உங்கள் மண் பயிருக்குத் தராமல் வைத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். நம் பள்ளிப் பிள்ளைகளே இதனைச் செய்து முடிப்பர்.

இதன் பயன் நீர்ச்சிக்கனம் மட்டுமன்று. முன்னே கூறிய இரு பங்காளிகளும் நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்துப் பேசினால், மேட்டுக்கு நான்கு நாளைக்கு ஒரு முறை சிறு நீர், பள்ளத்துக்கு எட்டு நாளைக்கு ஒரு முறை பெருநீர் என்று முறையைத் திருத்திக்கொள்ளலாம். எட்டு நாளில் இருவரும் பெறும் மொத்த நீர் சமமாகவே இருக்கும். மேட்டுக்காரர் பயிரும் பிழைக்கும். பங்காளிகளுக்குள் மனத்தாங்கலும் ஒழியும். அடுத்த பாசனப் பருவத்துக்கு முறை வைக்கக் கூடும்போது, நாள் கணக்கோடு மண் கணக்கையும் சேர்த்துப் பேசுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.